இடம் தாராளம்!

மீனவர்கள் படகுகளை இழுத்துப் போடும் கடற்கரையில் சாத்தன், வேம்பன் என்று இரண்டு துறவி நண்டுகள் இருந்தன. பெயரில்தான் துறவு. வீடு இல்லாமல் அவற்றால் ஒரு நாள்கூட இருக்க முடியாது. காலிச் சங்குக்குள் மெல்லிய உடம்பை நுழைத்துக்கொண்டு, வீட்டையும் சுமந்தபடியே திரியும் இனம் அது.

இருவரும் குஞ்சுப் பருவத்திலிருந்தே நண்பர்கள். ஒரு நாள் ஒரே அளவில், ஒரே பழுப்புக் கோடுகளோடு இரண்டு சங்குகள் கிடைத்தன. ஆளுக்கு ஒன்றில் புகுந்துகொண்டார்கள்.

“சாகும் வரை இந்தச் சங்குதான்! எவன் மாற்றுகிறானோ அவன் நண்பனே இல்லை!” என்றான் சாத்தன்.

“கடல்மேல் சத்தியம்!” என்றான் வேம்பன்.

சத்தியம் வளரவில்லை. நண்டுகள் வளர்ந்தன.

சாத்தனுக்கு இடுப்பு இறுகியது. வேம்பனுக்குக் கால்கள் மரத்துப்போயின. ஆனாலும் தினமும் காலையில் பேச்சு இப்படித்தான் போகும்:

“என்னடா, வீடு எப்படி?”

“இடம் தாராளம்! உனக்கு?”

“எனக்கா? உள்ளே ஓடி விளையாடலாம்!”

படகின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் காகம் இதைக் கேட்கும். பாதி உடம்பு வெளியே பிதுங்கும் இருவரையும் ஆசையோடு பார்க்கும்.

“நல்ல கொள்கை, தம்பிகளா! மாறவே மாறாதீர்கள்!” என்று பாராட்டும்.

ஒரு காலையில் அலை ஒரு பெரிய சங்கைக் கரையில் ஒதுக்கியது. அப்படிச் சங்கு வந்தால் நண்டுகள் எல்லாம் வரிசையில் நிற்பது வழக்கம். பெரிய நண்டு முன்னால், சின்னது பின்னால். பெரிய நண்டு புதுச் சங்குக்குள் போகும். அது விட்ட சங்கு அடுத்த நண்டுக்கு. அது விட்டது அதற்கடுத்ததற்கு. ஒரே சங்கில் ஊருக்கே வீடு கிடைத்துவிடும்.

வரிசையில் நின்ற செங்காலி என்ற நண்டு கூப்பிட்டாள்: “அண்ணன்மாரே! எனக்கு முன்னால் உங்கள் அளவுக்காரர்கள் நிற்கும் இடம் காலி. வந்து நில்லுங்கள்!”

“எங்களுக்கு எதற்கு?” என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அவன் முதலில் போகமாட்டானா என்று ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். யாரும் போகவில்லை.

அந்த நேரம் பார்த்துக் காகம் பாய்ந்தது!

வரிசையில் நின்ற நண்டுகள் சட்டென்று சங்குக்குள் ஒடுங்கின. நண்பர்களுக்கு இடுப்பு மட்டும்தான் உள்ளே போயிற்று. காகம் வேம்பனின் பெரிய கொடுக்கைக் கவ்வித் தூக்கியது. சாத்தன் நண்பனின் காலை இறுகப் பிடித்துத் தொங்கினான். வேம்பன் வேறு வழியில்லாமல் கொடுக்கையே கழற்றி உதறினான். இருவரும் மணலில் பொத்தென்று விழுந்தார்கள். காகம் கொடுக்கோடு படகுக்குப் பறந்தது.

“உள்ளே ஒடுங்க வேண்டியதுதானேடா?” என்று கத்தினான் சாத்தன்.

“எங்கே ஒடுங்க? மூன்று அமாவாசையாக மூச்சுவிடவே இடமில்லை!”

“எனக்கு நான்கு!”

“அடப்பாவி! ஏன் சொல்லவில்லை?”

“உனக்கு வருத்தமாக இருக்குமே என்றுதான்.”

“நானும் அதனால்தானேடா வாயைத் திறக்கவில்லை!”

இருவரும் வரிசைக்கு ஓடினார்கள். முன்னால் நின்றவர்கள் மாறி முடித்தார்கள். இவர்கள் முறை வந்தது.

“நீ முதலில் போடா, கொடுக்கை இழந்தவன்.”

“நீ போ. நீதானே நான்கு அமாவாசை கஷ்டப்பட்டவன்.”

“உங்கள் உபசாரம் முடிவதற்குள் காகம் சாப்பிட்டு முடித்துவிடும்!” என்றாள் செங்காலி.

முன்னால் நின்ற நண்டு விட்ட சங்குக்குள் வேம்பன் தாவினான். தன் அளவுக்கு மீறிய சங்கோடு நின்ற ஒரு சின்ன நண்டு வேம்பன் விட்ட சங்குக்கு மாறியது; அது விட்ட பெரிய சங்குக்குள் சாத்தன் தாவினான். காகம் திரும்பி வந்தபோது கரையில் சங்குகள் மட்டும்தான் கிடந்தன. இரண்டு மூன்றைக் கொத்திப் பார்த்துவிட்டு, அலகு வலிக்கப் பறந்துபோயிற்று.

சாத்தன் மெல்லத் தலையை நீட்டினான். “டேய், உன் வீடு கோணலாக, அசிங்கமாக இருக்கிறது!”

“உன்னுடையது மட்டும் என்ன? அழுகிய கத்திரிக்காய் மாதிரி இருக்கிறது!”

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். இப்போது குலுங்குவதற்கு இடம் இருந்தது.

நண்பன் மனம் நோகுமே என்று உண்மையை விழுங்குகிறவன், அந்த நண்பனையே ஆபத்தில் தள்ளிவிடுகிறான்.