சூசைமரியானின் பன்னிரண்டு துண்டுகள்

"டீச்சர், எல்லாம் சரியா இருக்கு. ஆனா கெட்டுப்போச்சு!"

சூசைமரியான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். ஐம்பதைத் தாண்டியவர். ஊரில் கல்யாண வீடியோ எடுப்பவர். கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் சபூரா டீச்சருக்கு அவர்தான் மூத்த மாணவர். டீச்சருக்கு அவர் மகள் வயதுதான்.

"எது சரி? எது கெட்டுது?"

"மேட்ச் வீடியோ டீச்சர். நம்ம பிரிஸ்கா மேட்ச்!"

பிரிஸ்கா ஊரின் பெண்கள் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பர். மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்கள் அவள் ஆடிய இறுதி ஆட்டத்தை முழுசாக, வெட்டாமல் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். இன்று மாலைக்குள் போய்ச் சேராவிட்டால் அவள் பெயர் பட்டியலில் இருக்காது.

சென்டரில் நெட் வேகம். ஆனால் வீடியோ இருந்தது சூசைமரியான் வீட்டில். ஃபைல் யானை மாதிரி, பென் டிரைவ் இத்தனூண்டு. மனிதர் அதைப் பன்னிரண்டாக வெட்டி, எண் போட்டு, நடையாய் நடந்து கொண்டுவந்து இங்கே ஒட்டியிருந்தார்.

"ஓடுதா?"

"கொஞ்ச நேரம் ஓடுது. அப்புறம் கட்டங்கட்டமா சிதறிப்போவுது."

"வெட்டாத ஃபைல் வீட்ல இருக்குல்லா?"

சூசைமரியான் தலையைச் சொறிந்தார்.

"அழிச்சிட்டேன் டீச்சர். ஒரு ஞானஸ்நான வீடியோவுக்கு இடம் பத்தல."

டீச்சர் திட்டவில்லை. நானாக இருந்தால் திட்டியிருப்பேன்.

"துண்டு ஏதாவது வழியில கெட்டுப்போச்சா?"

"இல்லவே இல்ல! நீங்க சொல்லித்தந்தபடி ஒவ்வொரு துண்டுக்கும் அடையாள எண் எடுத்தேன். வீட்லயும் எடுத்தேன், இங்கயும் எடுத்தேன். உள்ள ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிடும்லா? பன்னிரண்டும் அப்படியே பொருந்துது."

"ஒட்டினதோட மொத்த அளவு?"

"அதுவும் சரி. ஒண்ணும் குறையல, ஒண்ணும் கூடல. பின்ன எப்படி டீச்சர் கெடும்?"

வாசலில் அணி மொத்தமும் ஜெர்சியோடு நின்றது. பிரிஸ்கா நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டு விரலுக்கு வந்திருந்தாள். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"எப்படி ஒட்டுனீங்க அண்ணே?"

"இந்த ஃபோல்டர்ல இருக்கிற எல்லாத்தையும் சேருன்னு ஒரே கட்டளை! அவ்வளவுதான்."

சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

டீச்சர் எழுந்து வாசலுக்குப் போனார்.

"மக்களே, நான் சொல்ற மாதிரி வரிசையா நில்லுங்க."

ஒன்றாம் எண் போட்டிருந்த பிரிஸ்காவை முதலில் நிறுத்தினார்.

அவளுக்கு அடுத்துப் பத்தாம் எண்ணை நிறுத்தினார். பிறகு பதினொன்றை. பிறகு பன்னிரண்டை.

அதற்கும் பிறகுதான் இரண்டாம் எண்ணைக் கூப்பிட்டார்.

சூசைமரியானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்ன டீச்சர், ஒண்ணுக்கு அப்புறம் பத்தா? எண்ணத் தெரியாதா உங்களுக்கு?"

"எனக்குத் தெரியும் அண்ணே. நீங்க கட்டளை போட்ட மெஷினுக்கு?"

சிரிப்பு பாதியில் நின்றது. சூசைமரியான் திரும்பித் திரையைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"அடப்பாவி! முதல் இலக்கத்தை மட்டும் பாத்து நிறுத்தியிருக்கே! ஒண்ணுல ஆரம்பிக்கிறதெல்லாம் ஒண்ணாம்!"

பாய்ந்துபோய் உட்கார்ந்தார். இந்த முறை ஒவ்வொரு துண்டையும் பெயர் சொல்லி அழைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டே எண்ணினார். வாசலில் நின்றவர்களும் சேர்ந்து எண்ணினார்கள். பன்னிரண்டு வந்ததும் கத்திய கத்தலில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

வீடியோ சிதறும் இடம் வந்தது. சிதறவில்லை. பந்து உருண்டது, பெண்கள் ஓடினார்கள்.

டீச்சர் உடனே அனுப்பினார். போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரை சொன்னதும் பிரிஸ்கா அழுதாள், சிரித்தாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள்.

அணி முழுக்க உள்ளே புகுந்து திரையை மொய்த்தது. ஆட்டத்தின் கடைசி நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. அன்று அந்தப் பந்தைப் பிடித்தவளே பிரிஸ்காதான், ஆனாலும் அவள் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

சூசைமரியானுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. டீச்சர் பக்கம் குனிந்தார்.

"துண்டு கெடல, பென் டிரைவ் கெடல, மெஷினும் கெடல. அப்ப கெட்டது எது டீச்சர்?"

"உஷ்!" என்றார் டீச்சர். "பெனால்டி!"