நீட்டிய கை

கோவையில் ஒரு பேருந்து நிலையத்தின் முன்னால் வைக்க, கருங்கல்லில் ஒரு பெண் சிலை செய்தார் பூங்கோதை. பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கையை நீட்டியபடி நிற்கும் பெண். அந்தக் கைக்கு அடியில், காத்திருப்பவர்கள் உட்கார ஒரு கல் பெஞ்சு.

நீட்டிய கையைச் செதுக்கியவர் நாச்சிமுத்து. வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு, நாற்பது வயதில் பூங்கோதையிடம் மாணவராகச் சேர்ந்தவர். குருவைவிட ஏழு வயது மூத்தவர். ஆனாலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

சிலையை நிறுத்தியாயிற்று. திறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருந்தது. அன்று காலை நாச்சிமுத்து சிலையின் கையைத் தட்டிப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே சத்தம் கணீரென்று வராமல் மந்தமாக வந்தது. தண்ணீர் ஊற்றித் துடைத்தார். தலைமுடி போல ஒரு விரிசல்.

எட்டு மாத உழைப்பு. அவர் யாரிடமும் சொல்லவில்லை. கல்தூளைப் பசையில் குழைத்து அடைத்து, மெருகு போட்டுவிட்டார். பார்வையிட வந்த பொறியாளர் கையைத் தடவிப் பார்த்து, "பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் நாச்சிமுத்து மெல்லக் கேட்டார்.

"டீச்சர், யார் கண்ணுக்கும் தெரியாத குறை, குறைன்னு ஆகுமுங்களா?"

பூங்கோதை அவரை ஒரு கணம் பார்த்தார்.

"முதல்ல சாப்பிடலாம், வாங்கண்ணா."

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய், அந்தக் கைக்கு நேர் கீழே உட்கார்ந்தார்.

"அங்க வேண்டாமுங்க டீச்சர். இப்படி வந்துருங்க."

"ஏன்? இங்க நல்லா நிழலா இருக்குதே."

நாச்சிமுத்து நின்றுகொண்டே இருந்தார். அவர் கண் முழங்கையை விட்டு நகரவில்லை.

அப்போது கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள்.

"கொஞ்சம் உட்கார்ந்துக்கலாமுங்களா? பஸ் வர நேரமாகுமாட்ட இருக்குது."

"வாம்மா," என்று பூங்கோதை நகர்ந்து இடம் விட்டார்.

"உட்காராதீங்க!"

நாச்சிமுத்து போட்ட சத்தத்தில் குழந்தை வீறிட்டது. அவர் ஓடிப்போய் பூங்கோதையை எழுப்பி, இருவரையும் வெயிலுக்கு அழைத்து வந்தார். பிறகு தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னார்.

பூங்கோதை டிபன் பாக்ஸை மூடினார். அண்ணாந்து கையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மெஷினை எடுத்துட்டு வாங்கண்ணா. அறுத்துரலாம்."

பொழுது சாய்வதற்குள் கையை எடுத்துவிட்டார்கள்.

விழா நடந்தது. கை எங்கே என்றுதான் மறுநாள் பத்திரிகைகள் எல்லாம் கேட்டன. விழா மேடையிலேயே பூங்கோதையிடமும் அதைக் கேட்டிருந்தார்கள். "கல்லுல விரிசல் இருந்தது, எடுத்துட்டோம்," என்றார். யார் பெயரையும் சொல்லவில்லை.

நாச்சிமுத்து ஒரு மாதம் பட்டறைப் பக்கமே வரவில்லை. வந்த அன்று வாசலிலேயே நின்று கேட்டார்.

"டீச்சர், விரிசல் இருக்குதுன்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியுமுங்களா? என்னைச் சோதிக்கத்தான் அங்க போய் உட்கார்ந்தீங்களா?"

"இல்லீங்கண்ணா. எனக்குத் தெரியாது."

"நான் அப்படியொரு கேள்வி கேட்டும் உங்களுக்குச் சந்தேகம் வரலையா? எந்த தைரியத்துல போய் உட்கார்ந்தீங்க?"

பூங்கோதை உளியைக் கீழே வைத்தார்.

"நீங்க செஞ்ச கைதானேன்னு உட்கார்ந்தேன்."