மிளகி விலகிய வரிசை

மாமரத்து முசுறு எறும்புகளுக்கும் அதன் அடியில் புற்று வைத்திருந்த கட்டெறும்புகளுக்கும் பத்தொன்பது நாளாகச் சண்டை. ஒரு கிளையில் தேன் சுரக்கும் பூச்சிகள் யாருக்கு என்பதுதான் தகராறு. கிளை பாதி காய்ந்தே போயிற்று. சண்டை மட்டும் ஓயவில்லை.

இருபதாம் நாள் கட்டெறும்புகளின் புற்று இடிந்தது. மிஞ்சியவை அறுபத்துமூன்று எறும்புகள், முப்பத்தொரு முட்டைகள். பாறையைக் கடந்து, விழுந்து கிடந்த இலுப்பை மரப் பொந்துக்குப் போய்விட்டால் பிழைக்கலாம். தளபதி இரும்பாயி முன்னால் நடந்தாள். உதவித் தளபதி மிளகி வரிசையின் நடுவில் நடந்தாள். அவளுக்குப் பதவி கிடைத்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அவளுக்கு முன் அந்தப் பதவியில் இருந்த மூவரும் செத்துப்போயிருந்தார்கள்.

மேலே கிளைகளில் இருந்து முசுறுகள் அமிலத்தைப் பீய்ச்சின. அது பட்ட இடமெல்லாம் பொசுங்கியது. பொந்துக்கு வழிகாட்டப் பாறையில் இருந்த மோப்பத் தடமும் பொசுங்கிப் போயிற்று.

கட்டெறும்புப் படையில் ஒரே சட்டம்தான். முன்னால் போகிறவளின் மோப்பத்தை விடக்கூடாது. முன்னால் யாரும் இல்லாத இரும்பாயி தடத்தைத் தேடினாள். ஒரு வாசனை கிடைத்தது. அது அவள் படையின் கடைசி எறும்பினுடையது. அதையே பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மிளகி களைத்துப் போயிருந்தாள். ஆனாலும் கணக்கை விடவில்லை. வழியில் ஒரு செத்த தும்பி கிடந்தது. சற்று நேரத்தில் மறுபடியும் ஒரு தும்பி. பிறகு இன்னொன்று. மூன்றுக்கும் இடது சிறகு ஒடிந்திருந்தது.

"அக்கா, இதே தும்பியை மூணு தடவை தாண்டிட்டோம். வட்டமா சுத்துறோம்" என்று வட்டத்தின் குறுக்கே கத்தினாள்.

"வரிசை ஒழுங்காத்தானே போகுது?" என்றாள் இரும்பாயி.

"ஒழுங்காத்தான் போகுது. பொந்துக்குப் போகலையே."

"விலகினா ஓடுகாலின்னு பேர் வரும், மிளகி."

மிளகிக்குப் பின்னால் வந்த வெடுக்கி முட்டையை மாற்றிப் பிடித்தாள். "ஓடுறதுக்கு யாருக்குக் கால்ல தெம்பிருக்கு?" என்று முனகினாள்.

அந்தச் சுற்றில் மட்டும் நால்வர் விழுந்தார்கள். இன்னும் பதினைந்து சுற்று வந்தால் ஒருவரும் இருக்கமாட்டோம் என்று மிளகி கணக்குப் போட்டாள். அவளுக்கும் பயம்தான். பயப்படுவதற்குக்கூட அலுப்பாக இருந்தது. வரிசையை விட்டு வெளியே கால் வைத்தாள்.

திறந்த பாறையில் தனியாகப் போன அவளை முசுறுகள் எளிதாகக் குறிபார்த்தன. முதல் வீச்சில் ஒரு கால் போயிற்று. அவள் வயிற்றைப் பாறையில் தேய்த்துத் தேய்த்துப் புதுத் தடம் போட்டபடி போனாள். வேகமாக ஓடினால் தடம் பதியாது. அதனால் மெதுவாகவே நடந்தாள். பொந்துக்கு வந்தாள். உள்ளே ஈரமும் நிழலும் இருந்தன. படுத்துவிடலாம் போலிருந்தது.

திரும்பினாள். போட்ட தடத்தின் மேலேயே இன்னொரு தடம் போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டாவது கால் அப்போது போயிற்று.

"வந்துட்டியா?" என்றாள் வெடுக்கி.

"வந்துட்டேன். என் பின்னாலயே வா. வேற எதையும் யோசிக்காதே."

"நான் எப்ப யோசிச்சேன்?"

மிளகி வெடுக்கிக்கு முன்னால் நுழைந்து தடத்தின் பக்கம் திரும்பினாள். வெடுக்கி அவளைத் தொடர்ந்தாள். அவளை அடுத்தவள் தொடர்ந்தாள். வட்டம் அவிழ்ந்தது. தலைமை தாங்கிய இரும்பாயி வரிசையின் நடுவில் வந்து சேர்ந்தாள்.

மிளகி பொந்து வாசலில் நின்று எண்ணினாள். எறும்புகள் நாற்பத்தெட்டு, முட்டைகள் இருபத்தாறு. மறுபடியும் எண்ணினாள். கணக்கு மாறவில்லை.

"வரிசையை விட்டு விலகினது குத்தம்தான்" என்றாள் இரும்பாயி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"ஆமா, அக்கா."

"கால் வலிக்குதா?"

"இருக்கிற நாலும் வலிக்குது."

இரும்பாயி வாசலில் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு, "அந்தக் கிளையை அவங்களே வெச்சுக்கட்டும். நீ படு. வாசலை நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

வரிசை தவறாகப் போகிறதென்று தெரிந்தால் தனியாகவேனும் விலகி வழி கண்டு, மற்றவர்களை அழைத்துப்போகத் திரும்பி வருவதே வீரம்.