தேவையில்லையா?

மெத்தனபுரியை நிலப்படத்தில் தேடாதீர்கள். ஏதாவது ஓர் அலுவலகத்தில் "சிஸ்டம் ஸ்லோ, நாளைக்கு வாங்க" என்று யாராவது சொன்னால், அங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டை ஆண்ட சுகவர்மனுக்கும் இதே தொல்லை. சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய கணினி, காலையில் தட்டினால் மத்தியானம்தான் கண் விழிக்கும்.

"குப்பை சேர்ந்துவிட்டது அரசே," என்றார் கணினி அமைச்சர் பரந்தாமர். "துப்புரவுச் செயலி ஒன்று செய்திருக்கிறேன். கணினியைத் தொட்டே பார்க்காதவர்கூடப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு கோப்பாகக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்கும். 'ஆம்', 'இல்லை' என இரண்டே பொத்தான்."

அரசர் பூரித்துப்போனார். யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. நாட்டின் எல்லா அலுவலகங்களிலும் செயலியை ஏற்றிவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் விதைநெல் கிடங்கின் எழுத்தர் செண்பகத்தை அவைக்கு இழுத்து வந்தார்கள். எந்த உழவருக்கு எவ்வளவு நெல் என்ற கோப்பு முழுவதும் அழிந்துவிட்டதாம். விதைப்புக் காலமோ வாசலுக்கு வந்துவிட்டது.

"கோப்பு வேணும்னுதான் அமுக்கினேன் ஐயா. போயிடுச்சு," என்றாள் செண்பகம். அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது.

பரந்தாமர் சிரித்தார். "ஆமுக்கும் இல்லைக்கும் வித்தியாசம் தெரியாதவர்களை வேலைக்கு வைத்தால் இப்படித்தான். செயலியில் பிழை இல்லை அரசே. அமுக்கியவர் மண்டையில்தான் பிழை. வேலையைவிட்டு நீக்குங்கள்."

அரசர் தலையாட்டிவிட்டார். கணினி வந்த பிறகும் அந்த அரண்மனையில் ஆணை மட்டும் ஓலையில்தான். ஓலைக்காரர் எழுத்தாணியை எடுத்தார்.

அவையில் வெண்காடன் என்றொருவன் இருந்தான். அரசரைச் சிரிக்க வைக்கத்தான் அவனுக்குச் சம்பளம். ஆனால் அரசரின் அசட்டுத்தனத்தைப் பாதியில் நிறுத்துவதற்கே அவனுக்கு நேரம் சரியாக இருந்தது.

"ஒரு நிமிடம் அரசே," என்றான். "தாங்களே செயலியை ஒரு முறை பயன்படுத்திக் காட்டுங்கள். இவளுடைய முட்டாள்தனம் ஊருக்கே தெரிந்துவிடும்."

அமைச்சருக்கும் யோசனை பிடித்திருந்தது. அரசர் கணினி முன் உட்கார்ந்தார். போன பிறந்தநாள் பந்தியில் எடுத்த படங்கள் வந்தன.

"எல்லாவற்றிலும் வாயில் லட்டோடு இருக்கிறேன். தூக்கிப் போட வேண்டியதுதான்."

திரையில் கேள்வி வந்தது: 'இக்கோப்பு தங்களுக்குத் தேவையில்லையா?'

"இல்லை, தேவையில்லை," என்று சொல்லிக்கொண்டே அரசர் 'இல்லை'யை அமுக்கினார். கோப்பு அசையவில்லை. மறுபடியும் அமுக்கினார். லட்டு வாயோடு அவரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா இது, சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறது?"

பரந்தாமர் குனிந்து, "அழிக்க 'ஆம்' அமுக்க வேண்டும் அரசே," என்றார். "ஆம், தேவையில்லை என்று பொருள். 'இல்லை' என்றால், தேவையில்லை என்பது இல்லை. அதாவது, தேவை."

"நான் 'ஆமா, வேணும்'னு நினைச்சு 'ஆம்' அமுக்கினேன்," என்றாள் செண்பகம்.

வெண்காடன் ஓலைக்காரரிடம் திரும்பினான். "ஆமுக்கும் இல்லைக்கும் வித்தியாசம் தெரியாதவர்களை நீக்கச் சொன்னார் அமைச்சர். இப்போது இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். மரியாதைப்படி பெரியவர் பெயரை முதலில் எழுதுங்கள்."

அரசர் அமைச்சரை முறைத்தார். அமைச்சருக்கு வேர்த்தது. "கேள்வி தெளிவான தமிழில்தான் இருக்கிறது அரசே. படித்தவர்கள் யாரும் தடுமாற மாட்டார்கள்."

"நல்லது," என்றான் வெண்காடன். "அதே தமிழில் நான் ஒன்று கேட்கிறேன். தங்கள் செயலி மாதிரியே ஒரே சொல்லில் பதில் வேண்டும். சொன்னது ஓலையில் ஏறும். அரசே, சம்மதமா?"

"கேள்," என்றார் அரசர்.

"பரந்தாமரே, இந்த அமைச்சர் பதவி தங்களுக்குத் தேவையில்லையா?"

அமைச்சர் வாயைத் திறந்தார். 'ஆம்' என்றால் அவருடைய செயலியின்படியே பதவி காலி. 'இல்லை' என்றால், சற்று முன் அரசர் புரிந்துகொண்டபடி பதவி காலி. திறந்த வாயை மூடினார். எழுத்தாணி ஓலைக்கு மேல் நின்றது.

"தேவை! தேவை!" என்று கத்திவிட்டார்.

வெண்காடன் கைகூப்பினான். "மன்னிக்க வேண்டும் அமைச்சரே. அந்தப் பொத்தானைத் தாங்கள் வைக்கவே இல்லையே."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செண்பகத்துக்கு வேலை நிலைத்தது. செயலியில் 'வைத்துக்கொள்', 'தூக்கிப் போடு' என்று பொத்தான்கள் மாறின. தூக்கிப் போட்டதை மனம் மாறினால் திரும்ப எடுக்கவும் வழி வைத்தார்கள். அழிந்த கோப்புக்காகப் பரந்தாமரே வெயிலில் ஊர் ஊராகப் போய் ஒவ்வோர் உழவரிடமும் கேட்டு வர வேண்டும் என்று ஆணை ஆயிற்று.

"வெண்காடா, உனக்குப் பரிசு வேண்டாமா?" என்றார் அரசர்.

வெண்காடன் ஓலைக்காரரை ஒரு பார்வை பார்த்தான். "ஆம் என்றும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன் அரசே," என்றான். "வேண்டும்."