யானைக்குட்டிக்கு முதுகு காட்டிய ராஜா

யானை வாலில் மயிர் எத்தனை என்று யாரும் எண்ணிப் பார்க்காத காலம் அது. அந்தக் காலத்தில் நெடுங்கரை என்ற ஊரை மாறவேள் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். மூன்று போருக்குப் போனவர், மூன்றிலும் புறமுதுகு காட்டாதவர். இதைச் சொல்லிச் சொல்லியே அவருக்கு மீசை நரைத்தது. நல்ல மனுஷர்தான். கொஞ்சம் பெருமை, அவ்வளவுதான்.

அவர் ஊரில் இரண்டு பள்ளிக்கூடங்கள். ஒன்று அனந்தப்பர் நடத்தியது. அங்கே பரண் நிறைய ஓலைச்சுவடி. அவர் ஒரு வரி படிப்பார், பிள்ளைகள் மூன்று தரம் திருப்பிச் சொல்வார்கள். வீட்டுக்குப் போய் அதை ஒப்பித்தால் பெற்றவர்களுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

இன்னொன்று உலகம்மையின் பள்ளிக்கூடம். அங்கே பேருக்குக்கூட ஓர் ஏடு கிடையாது. புங்கமரத்தடியில் பிள்ளைகள் வட்டமாக உட்காருவார்கள். மழை வந்தால் எறும்பு எங்கே போகும் என்று உலகம்மை கேட்பாள். அதோடு அவள் வேலை முடிந்தது. பிள்ளைகள் பேசுவார்கள், மறுப்பார்கள், எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி பேசுவார்கள்.

அந்த வட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. எல்லாரும் ஒரு வார்த்தையாவது பேசாமல் வட்டம் கலையக் கூடாது.

இந்தச் சட்டத்தால் பிள்ளைகள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஏனென்றால் அங்கே பேச்சி இருந்தாள். ஐந்து வயசு. பேர்தான் பேச்சி, வாயில் எப்போதும் கொழுக்கட்டை. பசியோடு வீட்டுக்கு ஓட நிற்கும் பிள்ளைகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உலகம்மை மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "உனக்குத் தோணுறப்போ சொல்லு தாயி" என்பாள். கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னக் குரல் வரும். வந்துவிடும்.

ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. பிள்ளைகள் வாயாடத்தான் கற்றுக்கொள்கின்றன, ஒரு பாட்டு ஒப்பிக்கத் தெரியவில்லை என்று அரண்மனையில் போய் முறையிட்டார்கள். ராஜாவும் யோசித்தார். ஏடில்லாத இடம் எப்படிப் பள்ளிக்கூடமாகும்? பிள்ளைகளை அனந்தப்பரிடமே சேர்த்துவிடலாம் என்றார். உலகம்மைக்கு அந்தப் பிள்ளைகளை விட்டால் வேறு உலகம் கிடையாது. அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை.

சோறு தின்னாத இன்னொரு ஜீவனும் அப்போது ஊரில் இருந்தது. மலைநாட்டுத் தலைவர் ராஜாவுக்கு ஒரு யானைக்குட்டியைப் பரிசாக அனுப்பியிருந்தார். பால்குடி மறந்த குட்டி. ராஜா அதன்மேல் உயிரையே வைத்துவிட்டார். அதனால் அதற்கு ராஜ மரியாதை நடந்தது. சாப்பாட்டு வேளையில் முரசு கொட்டும். ராஜா வருவார், மந்திரிகள் வருவார்கள், அரண்மனையே வந்து சுற்றி நின்று அதன் வாயையே பார்க்கும். ராத்திரியில்கூட ஆட்கள் பந்தம் பிடித்துக்கொண்டு காவல் நின்றார்கள். குட்டி கரும்பை எடுக்கும், சுற்றிலும் பார்க்கும், கீழே போட்டுவிடும். நாளுக்கு நாள் இளைத்தது.

ராஜா மனம் உடைந்துபோய், குட்டியை எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சாப்பிட வைக்கிறார்களோ அந்தப் பள்ளிக்கூடமே நிலைக்கும் என்று சொல்லிவிட்டார்.

முதலில் அனந்தப்பரின் பிள்ளைகள் வந்தார்கள். யானை வளர்ப்பு நூலைக் கணீரென்று ஒப்பித்தார்கள். வெல்ல உருண்டை கொடு என்றது ஏடு, கொடுத்தார்கள். மூங்கில் குருத்து வை என்றது, வைத்தார்கள். வேப்பெண்ணெய் தடவு என்றது, தடவினார்கள். குட்டி ஒரு வாய்கூடத் தின்னவில்லை. அனந்தப்பர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரும் பிள்ளைகள்மேல் பிரியம் உள்ளவர்தான்.

அடுத்து, ராஜாவும் அரண்மனையும் சுற்றி நிற்க, உலகம்மையின் பிள்ளைகள் வந்து யானைக் கொட்டடித் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். நாம எப்பவெல்லாம் சாப்பிட மாட்டோம் என்று கேட்டுவிட்டு உலகம்மை சும்மா இருந்தாள்.

அம்மாவைத் தேடுதோ என்றான் சடையன். அரண்மனைக் கிழட்டுப் பெண்யானையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். குட்டி அதை உரசிக்கொண்டு நின்றது, தின்னவில்லை. வயிற்று வலியோ என்றாள் இலஞ்சி. அமுக்கிப் பார்த்தார்கள், வலி இருப்பதாகத் தெரியவில்லை. கோபமாக இருக்கும் என்றான் மாடன். உடனே எல்லாரும் வரிசையாகப் போய்க் குட்டியிடம் மன்னிப்புக் கேட்டார்கள். தப்பு என்ன என்றுதான் ஒருவருக்கும் தெரியாது. அப்போதும் குட்டி தின்னவில்லை.

போதும், எழுந்திருங்கள் என்றார் மந்திரி. பிள்ளைகள் தலையைக் குனிந்தபடி எழுந்தார்கள். உலகம்மையும் எழுந்தாள். சடையன் மட்டும் மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

"பேச்சி இன்னும் பேசலையே அக்கா."

சட்டம் சட்டம்தானே. எல்லாரும் உட்கார்ந்தார்கள். மந்திரி சிரித்தார். இத்தனை பேரும் பேச்சியையே பார்த்தார்கள். அவள் பாவாடையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டாள். உலகம்மை மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிள்ளைகளும் திரும்பிக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சின்னக் குரல் வந்தது.

"எல்லாரும் என் வாயையே பாத்தா எனக்குச் சோறு இறங்காது."

ராஜா குனிந்து, "அப்ப நாங்க என்ன செய்யணும் தாயி?" என்று கேட்டார்.

"அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க."

மந்திரிகள் திடுக்கிட்டார்கள். மூன்று போரிலும் முதுகு காட்டாத ராஜா அல்லவா? ராஜா குட்டியின் விலா எலும்பைப் பார்த்தார். பிறகு திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ராஜாவே திரும்பியபின் யார் திரும்பாமல் இருக்க முடியும்? முரசு அடிக்கிறவர்கூடத் திரும்பிக்கொண்டார், அரண்மனை முழுக்கச் சுவரைப் பார்த்து நின்றது.

நேரம் போனது. ராஜாவுக்குத் தாங்கவில்லை.

"சாப்பிடுதா?" என்றார் மெல்ல.

"திரும்பாதீங்க ராஜா" என்றாள் பேச்சி.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் கரும்பு நொறுங்கியது. ஒரு துண்டு, இன்னொரு துண்டு, பிறகு கட்டுக் கட்டாக. ராஜா சுவரைப் பார்த்தபடியே அழுதார். திரும்பவில்லை.

உலகம்மையின் புங்கமரம் அவளுக்கே நிலைத்தது. அனந்தப்பரின் பள்ளிக்கூடத்தையும் ராஜா மூடவில்லை. அனந்தப்பரும் அன்றுமுதல் மத்தியானம் ஆனதும் ஏட்டைக் கட்டி வைத்துவிட்டுத் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து அந்த வட்டத்தில் உட்கார்ந்தார். முதல் நாள் அவர்தான் கடைசியாகப் பேசினார். பேச்சி அவருக்காக வேறு பக்கம் திரும்பிக்கொண்டு காத்திருந்தாள்.

குழந்தைகளே, உங்களைப் பெற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: பேசாத பிள்ளையும் பேசும்வரை காத்திருந்து கேட்பதுதான் நல்ல பாடம்.