‘அம்மாவ’ என்று நின்ற செய்தி

வெள்ளம் வடிய ஆரம்பித்திருந்தது. படகுகளுக்கு வழி சொல்லிக் களைத்த தொண்டர்கள் கல்யாண மண்டபத்துத் தரையிலேயே தூங்கிப்போனார்கள். விழித்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் தமயந்தி, தரவுத்தளம் கற்றுக்கொடுப்பவர், இன்னும் நாற்பதைத் தொடவில்லை. மற்றவர் அவருடைய மாணவர் ஆவுடையப்பன். வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு படிக்க வந்தவர். உதவி கேட்டு வரும் செய்திகளைச் சேமிக்கும் நிரலை இருவரும் சேர்ந்துதான் எழுதியிருந்தார்கள்.

காலையில் வின்சென்ட் என்று ஒருவர் போன் செய்தார். அவர் கத்தவில்லை.

“எங்கம்மா ஐசியூல இருக்காங்க. டயாலிசிஸ் தவறிடுச்சுன்னு எழுதியிருந்தேனே. ஏன் சார் கடைசியா வந்தீங்க?”

பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்த ஆவுடையப்பன், அந்தச் செய்தியைத் தேடி எடுத்தார்.

‘சாந்தி நகர் மூன்றாம் தெரு, தண்ணீர் தொட்டிக்கு எதிர் வீடு. மாடியில் ஏழு பேர் இருக்கிறோம். அம்மாவ’

அவ்வளவுதான் இருந்தது. மாடியில் பத்திரமாக இருக்கிறார்கள் என்று படகுக்காரர்கள் மற்ற வீடுகளுக்கு முதலில் போயிருந்தார்கள்.

“மேடம், இது நியாயமா?”

“எது சார்?”

“ஒரு செய்திக்கு இருநூத்தி அம்பத்தஞ்சு வரைக்கும் கொள்ளும்னாங்க. எழுத்துன்னு நினைச்சேன். பைட்டாம், கம்ப்யூட்டர் இடத்தை அளக்குற கணக்கு. இங்கிலீஷ்ல எழுத்துக்கு ஒண்ணு. நமக்கு ‘அ’வுக்கு மூணு, ‘கி’க்கு ஆறு. அவர் இங்கிலீஷ்ல எழுதியிருந்தா முழுசா வந்திருக்கும். தமிழ்ல எழுதினதுக்கு அந்தம்மா…”

“தரவுத்தளக் கையேட்டுல போட்டிருக்காங்களே,” என்றார் தமயந்தி.

“தண்ணிக்குள்ள நிக்கிறவர் கையேட்டைப் படிப்பாரா?”

“அவர் எதுக்குப் படிக்கணும்? நாம படிச்சிருக்கணும்.”

“அப்போ இந்த அளவு நியாயம்ங்கிறீங்க.”

“நான் அப்படிச் சொல்லல.” தமயந்தி சுவரில் தலையைச் சாய்த்தார். கண்கள் சிவந்திருந்தன. “நீங்களே ஒரு அளவு சொல்லுங்க.”

“ஆயிரம்.”

“அதுக்கு மேல எழுதினா?”

“பத்தாயிரம் வைங்க.”

“அதுக்கும் மேல?”

“எங்கயாச்சும் நிக்கத்தான் வேணும். ஒத்துக்கிறேன். ஆனா வெட்டினா வெட்டினேன்னு சொல்ல வேண்டாமா? சத்தமில்லாம வெட்டிட்டுப் போகுதே! எவன் மேடம் இதைச் செஞ்சான்?” என்றார் ஆவுடையப்பன். குரல் உயர்ந்துவிட்டது. கீழே படுத்திருந்த ஒருவர் புரண்டு படுத்தார்.

தமயந்தி கணினியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அளவைப் பெரிதாக்கினார்; மிஞ்சினால் வெட்டாமல் திருப்பி அனுப்பும்படி மாற்றினார். அதற்கும் அடங்காத ஒரு செய்தியைத் தானே எழுதி அனுப்பிப் பார்த்தார். ‘நீளம் அதிகம். சேமிக்கவில்லை. சுருக்கி எழுதுங்கள்’ என்று பதில் வந்தது.

“உயிருக்குப் போராடுறவர்கிட்ட இப்படிச் சொன்னா கோபப்பட மாட்டாரா?”

“கோபப்படுவார். மறுபடி எழுதுவார்.”

ஆவுடையப்பன் அந்தப் பதிலையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று கேட்டார்:

“வின்சென்ட் ஏன் மறுபடி எழுதல? ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்திருக்காரே?”

தமயந்தி திரையை அவர் பக்கம் திருப்பினார். அன்று நிரல் வின்சென்ட்டுக்குத் தானாக அனுப்பிய பதில் அதில் இருந்தது.

‘உங்கள் செய்தி முழுமையாகக் கிடைத்தது. வந்துகொண்டிருக்கிறோம்.’

“இருநூத்தி அம்பத்தஞ்சுன்னு யாரோ எழுதினாங்க சார்,” என்றார் தமயந்தி. “இந்த வரியை நான் எழுதினேன். வின்சென்ட் நம்பரைக் கொடுங்க.”