ஏழு வாசல் பெருச்சாளியும் தடம் வாசிக்கும் பள்ளிக்கூடமும்

குளத்தங்கரைப் பெருச்சாளி பூபாலனின் வளைக்கு ஏழு வாசல். காற்று வாங்க ஒன்று, கிழங்கு கொண்டுவர ஒன்று, பிடிக்காத விருந்தாளி வந்தால் நழுவ ஒன்று. மற்றதெல்லாம் சும்மா பெருமைக்கு. இதைப் பத்துப் பேரிடம் சொல்லாவிட்டால் அவனுக்குச் சாப்பிட்டது செரிக்காது.

அந்தக் காட்டில் ஒரு பள்ளிக்கூடமும் இருந்தது. ஆலமரத்தடிக் கொட்டகையில் கௌதாரி டீச்சர் குட்டிகளுக்குத் தடம் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தாள். மண்ணில் பதிந்திருப்பது யார் தடம், எந்தப் பக்கம் போகிறது, பழசா புதுசா என்று பார்த்ததும் சொல்லிவிட வேண்டும். படித்து முடித்த குட்டிகள் காலையில் ஒவ்வொரு வளைக்கும் போய் வாசல் மண்ணைப் பார்க்கும். "பயமில்லை, வெளியே வாங்க" என்று குரல் கொடுக்கும். அப்புறம்தான் மற்றவர்கள் தலையை வெளியே நீட்டுவார்கள்.

ஆனால் டீச்சர் பாதி நாள் இரை தேடி அலைய வேண்டியிருந்தது. கொட்டகைக் கூரை வேறு ஒழுகியது. ஊர்த்தலைவர் ஆமை மல்லையா எல்லோரையும் கூட்டினார்.

"ஆளுக்குக் கொஞ்சம் தானியம் கொடுப்போம். பெரிய வளைக்குக் கூடுதல், சின்ன வளைக்குக் குறைச்சல். கூரையை மாற்றலாம், டீச்சரும் முழு நாள் பாடம் நடத்தலாம். நாளைக்கு ஓட்டு. சம்மதம்னா பாறை மேல பச்சை இலை போடுங்க, வேண்டாம்னா சருகு போடுங்க."

பூபாலனுக்கு வயிறு எரிந்தது. ஏழு வாசல் வளைக்கு எவ்வளவு போகும்!

"எனக்கென்ன பிள்ளையா குட்டியா? யார் வீட்டுப் பிள்ளையோ படிக்க நான் எதுக்கு அளக்கணும்?" என்றான்.

"உன் வாசலையும் அந்தப் பிள்ளைங்கதானே பார்க்குது?" என்றாள் முயல் செவ்வந்தி. அவளுடைய குட்டிகள் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தன.

"பார்க்கிறதுக்குக் கண்ணு போதும். பள்ளிக்கூடம் எதுக்கு?"

அதோடு விட்டானா? சாயங்காலம் வரை ஒரு வளை பாக்கியில்லாமல் ஏறி இறங்கினான். "இன்னைக்கு வளைக்கு வரி கேட்கிறாங்க. நாளைக்கு மீசைக்கும் கேட்பாங்க" என்று கிளப்பிவிட்டான். மீசை உள்ளவர்கள் எல்லாம் அரண்டுபோனார்கள். அந்தக் காட்டில் மீசை இல்லாதவர்கள் எத்தனை பேர்?

மறுநாள் பாறை முழுக்கச் சருகு. கௌதாரி டீச்சர் அக்கரைக்குப் பறந்துவிட்டாள். செவ்வந்தி குட்டிகளை அணைத்துக்கொண்டு அழுதாள். பூபாலனோ மிச்சம் பிடித்த தானியத்தை வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தூங்கினான்.

மழைக்காலம் போனது. காவல் பார்த்த குட்டிகள் வளர்ந்து திசைக்கொன்றாகப் போய்விட்டன. புதுக் குட்டிகள் அந்த வேலைக்கு வந்தன. பாவம், அவற்றுக்குப் பாடமே நடக்கவில்லை.

ஒரு நாள் காலை பூபாலனின் வாசலுக்கு ஓர் அணில்குட்டி வந்தது. மண்ணில் நெளிந்து நெளிந்து ஒரு கோடு. குட்டி தலையைச் சொறிந்தது.

"என்னடா தெரியுது?" என்று உள்ளேயிருந்து கேட்டான் பூபாலன்.

"யாரோ ஆலம்விழுதை இழுத்துட்டுப் போயிருக்காங்க மாமா."

"உள்ளே போகுதா, வெளியே போகுதா?"

"அதெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லித்தரலையே."

விழுதுதானே என்று பூபாலன் கிழங்கு எடுக்கத் திரும்பினான். கிழங்கு அறையில் சாரைப்பாம்பு ஒன்று சுருண்டு படுத்திருந்தது. ஐயோ! கிழங்கும் வேண்டாம், வளையும் வேண்டாம் என்று ஓடினான். உயிர் தப்பியது. வால் நுனி பாம்பின் வாயில் போனது. ஏழு வாசல் வளையில் இப்போது பாம்பு குடித்தனம்.

செய்தி பரவியது. பயத்தில் யாரும் வெளியே வரவில்லை. செவ்வந்தியின் வளையில் குட்டிகள் பசியில் சுருண்டு கிடந்தன. அந்த வளையின் மூலையில்தான் பூபாலனும் ஒண்டிக்கொண்டிருந்தான். தங்க இடம் கொடுத்தவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

நேரே மல்லையாவிடம் போனான். "அண்ணே, இன்னொரு தரம் ஓட்டு வையுங்க."

மல்லையா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்குத்தான் இப்போ வளையே இல்லையே. நீ கொடுக்க வேண்டியதும் ஒன்றுமில்லை. உனக்கெதுக்கு இந்தக் கவலை?"

"வளை இருந்தப்பவே பட்டிருக்கணும் அண்ணே. இப்போ படுறேன். புது வளை தோண்டினதும் முதல் மூட்டை என்னோடது."

இந்த முறை சருகு போட ஆளில்லை. டீச்சரை அழைத்துவர யார் போவது என்று பேச்சு வருவதற்குள், பூபாலன் அறுந்த வாலோடு குளத்தில் இறங்கி அக்கரைக்கு நீந்திக்கொண்டிருந்தான்.

பிள்ளை இல்லாதவன் வீட்டையும் ஊர்ப் பிள்ளைகளின் படிப்புதான் காக்கிறது. ஆகவே பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டியதை எல்லோரும் சேர்ந்து கொடுக்க வேண்டும்.